அம்மாவின் கட்டிலுக்கு மேலே

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் இருக்கிற எங்கள் வீட்டை விற்கப்போகிறேன். அதன் கூரையைக் கெடுத்தவன் நான்தான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு அது. தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கல்லை நெருக்கிக் குத்தி நிறுத்துவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். மேலே தட்டோடு பதிப்பார்கள். சுண்ணாம்பு மூச்சுவிடும் பொருள். நனைந்தாலும் வெயிலில் உலர்ந்துவிடும். ஆனால் யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

2013இல் அம்மா போன் செய்தாள். "கட்டிலுக்கு மேலயே சொட்டுதுடா." ஒரு வயதான மேஸ்திரியை அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, "தட்டோட்டைப் பேர்த்துட்டு சுண்ணாம்புத் தளத்தைப் புதுசா போடணும் தம்பி, பத்து நாள் வேலை" என்றார். செலவைக் கேட்டதும், மேலாக சிமென்ட் பூசிவிட்டால் போதாதா என்றேன். வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னார். அவரை விட்டுவிட்டு வேறு ஆளை வைத்துப் பூசினேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. அந்த வருஷம்தான் திருப்பதியில் பிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன்.

மேஸ்திரி பயந்தது நடந்தது. சிமென்ட் இறுக்கமானது, அடியில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து அசையாது. இரண்டு கோடையில் விரிசல் விட்டது. விரிசல் வழியே இறங்கிய தண்ணீர் மேலே ஆவியாக வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகியிருந்த தேக்குச் சட்டங்களின் முனையை உளுக்கவைத்தது. கைப்பிடிச் சுவரில் ஓர் அரசங்கன்று வேர்விட்டது. "வந்து புடுங்கிப் போட்டுட்டுப் போடா" என்று அம்மா சொன்னபோது அது ஒரு சாண் உயரம்.

திருப்பதியிலிருந்து சித்தூர் எழுபது கிலோமீட்டர்தான். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். பொங்கலுக்குப் போவேன், சாப்பிடுவேன், மாலை பஸ்ஸில் திரும்புவேன். மாடிப்படி ஏறியதில்லை. ஏறினால் பார்க்க வேண்டியிருக்கும்.

2021 நவம்பரில் திருப்பதியே வெள்ளத்தில் மிதந்தது. மலைப்பாதைகளை மூடினார்கள். அன்று இரவு அம்மா கட்டிலைக் கூடத்துக்குத் தள்ளத் தெம்பில்லாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். வர வழியில்லை என்று நான் சொன்னது அன்றைக்கு மட்டும் உண்மை. அடுத்த வருஷம் அவள் போய்விட்டாள். வீட்டைப் பூட்டினேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். தனியார் வேலை, பி.எஃப். பென்ஷன் மாதம் நாலாயிரத்தை ஒட்டி வருகிறது. பிளாட் கடன் இன்னும் முடியவில்லை. வீட்டை விற்றால்தான் மீதிக் காலம் ஓடும். அக்காவிடம் சொன்னேன், கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். வில்லங்கச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பாக்கி வீட்டு வரி எல்லாவற்றுக்கும் அலைந்தேன். பரம்பரைச் சொத்துக்கு 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், லாபத்தில் பன்னிரண்டரை சதவீதம் வரி, அல்லது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துவிட்டு இருபது சதவீதம் என்று ஒரே வாரத்தில் கரைத்துக் குடித்தேன். அம்மாவின் கூரையைப் பற்றி ஒன்பது வருஷத்தில் ஒருவரிடமும் இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை.

இதற்கு மேல் செய்ததுதான் சொல்லக் கூசுகிறது. புரோக்கர், "கறை தெரியாம ஃபால்ஸ் சீலிங் அடிச்சுருங்க சார், விலை நிக்கும்" என்றார். அடித்தேன். சுவருக்குப் பட்டி பார்த்து வெள்ளை பூசினேன். அரசங்கன்றைத் தண்டோடு வெட்டினேன், வேர் உள்ளேயே இருக்கிறது. உளுத்த சட்டங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான்கு நாளில் முடிந்தது.

போன ஞாயிறு ஒரு சின்னக் குடும்பம் வீடு பார்க்க வந்தது. அந்தப் பெண் அம்மாவின் அறையில் நின்று, "காத்து நல்லா வருது, பாப்பாவை இங்கயே படுக்க வெச்சுக்கலாம்" என்றாள். கட்டில் போடும் இடத்தைக் கையால் காட்டினாள். அதே இடம். நான் தலையாட்டினேன். டோக்கன் அட்வான்ஸும் வாங்கிக்கொண்டேன்.

பஸ் சந்திரகிரியைத் தாண்டும்வரை அந்தப் பணம் சட்டைப்பையில் இருந்தது. பிறகு இறங்கி, ரோட்டோரம் நின்று அவள் கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. "சீலிங்கைப் பிரிச்சுக் காட்டுங்க சார், அப்புறம் பேசலாம்" என்றார்.

நாளை காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அந்தப் பழைய மேஸ்திரி இன்னும் இருக்கிறார். அவரால் மாடி ஏற முடியாது, மகனை அனுப்புகிறார். உளியும் கடப்பாரையும் அவன் கொண்டுவருவான். ஏணியை நான் பக்கத்து வீட்டில் கேட்டு வைத்திருக்கிறேன்.