குருவி இல்லாத குருவி வேட்டை

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது டிங்கிள். டிசம்பர் 26ஆம் தேதி நண்பகலில் அந்த ஊர்த் தெருவுக்குப் போகிறவர்கள் எதற்கும் தயாராகப் போவது நல்லது. உடம்பு முழுக்க வைக்கோல் போர்த்திய ஆட்கள் முரசும் குழலும் முழங்கக் கூட்டமாக வருவார்கள். முகத்தை மறைத்திருப்பார்கள்; பக்கத்து வீட்டுக்காரரே ஆனாலும் அடையாளம் தெரியாது. நடுவே ஒரு பொய்க்கால் குதிரை பாய்ந்து பாய்ந்து வேடிக்கை பார்ப்பவர்களைச் சீண்டும். ஒரு மதுக்கடைக்குள் இரைச்சலோடு நுழைவார்கள், ஆடுவார்கள், உண்டியலைக் குலுக்குவார்கள், அடுத்த கடைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதற்கு ரென் நாள் என்று பெயர். ரென் என்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பழுப்புக் குருவி. ஊர்வலத்தில் அதை மட்டும் காண முடியாது.

முன்பு இருந்தது. புனித ஸ்தேவானின் திருநாளான அன்று காலையில் பையன்கள் கோலும் கல்லுமாக வேலிப் புதர்களைக் கலைத்து அந்தக் குருவியைத் துரத்திக் கொல்வார்கள். செத்த குருவியை ஹாலிச் செடியின் கிளையில் கட்டி, கிளைக்கு வண்ண நாடாக்கள் சுற்றி, வீடு வீடாகப் போய் அதை அடக்கம் செய்யக் காசு கேட்பார்கள். சேர்ந்த காசு இரவு விருந்துக்கும் ஆட்டத்துக்கும் போகும். இவ்வளவு சின்ன உயிர் மேல் ஏன் இந்தக் கோபம் என்று கேட்டால் ஒன்றுக்கு மூன்றாகக் கதை சொல்வார்கள். ஒளிந்திருந்த ஸ்தேவானைக் கத்திக் காட்டிக்கொடுத்தது இந்தக் குருவிதான் என்பது ஒன்று. அயர்லாந்துக்காரர்கள் எதிரியின் பாசறையை நெருங்கிய இரவில் முரசின் மேல் கிடந்த ரொட்டித் துணுக்கைக் கொத்தப் போய், சத்தத்தில் காவலர்களை எழுப்பிவிட்டது என்பது இன்னொன்று. யார் உயரப் பறக்கிறாரோ அவரே பறவைகளின் அரசர் என்ற போட்டியில் கழுகின் இறகுக்குள் பதுங்கிப் போய், கழுகு களைத்த நேரத்தில் ஒரு முழம் மேலே எழும்பிப் பட்டம் வாங்கிய கள்ளக் குருவி என்பது மூன்றாவது. ஒரே குற்றத்துக்கு மூன்று வாக்குமூலங்கள் கிடைக்கும்போது குற்றத்தின் மேல் சந்தேகம் வருவது இயல்பு. வழக்கம் முதலில் வந்திருக்க வேண்டும். காரணங்கள் பின்னால் தேடி வந்திருக்க வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் கொல்வது மெல்ல நின்றுபோனது. பொம்மைக் குருவி வந்தது. சில ஊர்களில் அதுவும் இல்லை. உண்டியல் காசு இப்போது பெரும்பாலும் தொண்டு நிறுவனங்களுக்குப் போகிறது. குருவி போன பிறகும் வைக்கோல் உடுப்பும் முரசும் ஊர் சுற்றலும் அப்படியே நிற்கின்றன. அந்த ஊர்வலத்தின் ஆட்டுத்தோல் பறை, பௌரான், ஒரு காலத்தில் ஆண்டில் பெரும்பாலும் இந்த ஒரு நாளுக்கென்றே பரணிலிருந்து இறங்கிய கருவி. 1960களில் ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் தன் குழுவில் சேர்த்து அதை மேடையேற்றினார். இன்று உலகெங்கும் ஐரிஷ் இசை என்றதும் காதில் விழும் ஓசைகளில் அதுவும் ஒன்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு சன்னலில் ஏற்றும் மெழுகுவர்த்திக்கும் இதே கதைதான். வீட்டின் கடைக்குட்டிதான் அதை ஏற்ற வேண்டும். கிராமத்து வீடுகளில் வர்த்தி சாயாமல் நிற்க ஒரு டர்னிப் கிழங்கைக் குடைந்து அதில் நட்டு வைப்பார்கள். இடம் தேடி அலைந்த மரியாவுக்கும் யோசேப்புக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்று சொல்லும் விளக்கு அது. கத்தோலிக்க வழிபாட்டை நசுக்கிய பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டங்களின் காலத்தில், தலைமறைவாகத் திரிந்த பாதிரியாருக்கு இங்கே வரலாம், பூசை வைக்கலாம் என்று காட்டிய அடையாளமும் அதுவே என்று சொல்வதுண்டு. 1990இல் அயர்லாந்தின் முதல் பெண் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், தன் மாளிகையின் சமையலறைச் சன்னலில் அணையாமல் ஒரு விளக்கை எரியவிட்டார். அது பிழைப்புத் தேடி நாடு விட்டுப் போன மக்களுக்காக. 1980களில் வேலையில்லாமல் லண்டனுக்கும் பாஸ்டனுக்கும் கிளம்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கு அதன் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சன்னலும் சுடரும் மாறவில்லை. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதுதான் தலைமுறைக்குத் தலைமுறை மாறியது.

காரணமே கைக்கு எட்டாத இடமும் அங்கே உண்டு. மீத் மாவட்டத்தின் நியூகிரேஞ்ச் சுமார் 5,200 ஆண்டுகள் பழமையான கல்லறை மேடு. வாசலுக்கு மேல் சிறு பெட்டிபோல ஒரு திறப்பு. டிசம்பர் 21ஐ ஒட்டிய சில நாட்களில் மட்டும் உதயச் சூரியனின் கதிர் அதன் வழியே நுழைந்து, 19 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய பாதையில் ஊர்ந்து, உள்ளறையை ஏறக்குறைய 17 நிமிடம் துலக்குகிறது. சூரியன் உள்ளே வரும் என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு நெடுநாளாக உலவியது. தொல்லியல் அறிஞர் மைக்கேல் ஓ கெல்லி 1967 டிசம்பர் 21 அன்று உள்ளே போய் உட்கார்ந்து அதைக் கண்ணால் பார்த்தார். கட்டியவர்கள் எழுத்தை விட்டுச் செல்லவில்லை. இன்று அந்த வெளிச்சத்தை உள்ளே நின்று பார்க்கக் குலுக்கல் முறையில்தான் இடம் கிடைக்கும். மேகம் மூடிவிட்டால் குலுக்கலில் வென்றவருக்கும் இருட்டுத்தான்.

டிசம்பரில் டப்ளினில் பகல் ஏழரை மணி நேரம்தான். மாலை நான்கைத் தாண்டியதும் சூரியன் போய்விடும். அந்த நீண்ட இரவுகளை நிரப்பப் புதிய வழக்கங்களும் சேர்ந்திருக்கின்றன. 1975 முதல் ஆண்டுக்கு ஒருமுறை தொலைக்காட்சியில் வரும் ‘லேட் லேட் டாய் ஷோ’வைக் குடும்பம் முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும். கிறிஸ்துமஸ் காலையில் டப்ளினை அடுத்த ஃபார்ட்டி ஃபுட் பாறைகளிலிருந்து ஆட்கள் குளிர்கடலில் குதித்துவிட்டு நடுங்கிக்கொண்டே ஏறி வருவார்கள். கார்க் நகரத்தில் பண்டிகைச் சாப்பாடு என்றால் உப்பிலும் மசாலாவிலும் ஊறிய மாட்டிறைச்சி. அந்தத் துறைமுகம் ஒரு காலத்தில் கப்பல்களுக்கு உப்பிட்ட இறைச்சி ஏற்றி அனுப்பியதன் மிச்சம் அது.

பண்டிகை ஜனவரி 6 அன்று முடிகிறது. அந்த நாளை முன்பு கொஞ்சம் அச்சத்தோடுதான் எதிர்கொண்டார்கள். முந்தின இரவு ஒரு சல்லடையில் ஓட்ஸ் தானியம் நிரப்பிப் பன்னிரண்டு மெழுகுவர்த்திகளை வட்டமாக நடுவார்கள். வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொன்று என்று பெயர் சொல்லி ஏற்றுவதும் உண்டு. எந்தச் சுடர் முதலில் அணைகிறதோ அந்த ஆள்தான் முதலில் போவார் என்று எண்ணம். பாட்டியின் சுடர் படபடக்கும்போது அந்த அறையில் யாரும் கதவைத் திறந்திருக்க மாட்டார்கள்.

கார்க், கெர்ரி மாவட்டங்களில் அதே நாளுக்கு இன்னொரு முகம், பெண்களின் கிறிஸ்துமஸ். பன்னிரண்டு நாள் சமைத்துக் களைத்த பெண்களுக்கு அன்று ஓய்வு. அடுப்பும் பாத்திரமும் ஆண்கள் பாடு. பெண்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடித் தேநீரும் கேக்குமாக ஊர்க்கதை பேசுவார்கள். செலவுக்குக் கோழியும் வான்கோழியும் வளர்த்து விற்ற காசில் மிஞ்சியது இருக்கும். அது அவர்கள் சொந்தக் காசு, கணக்குக் கேட்பாரில்லை.

நாட்டின் பல பகுதிகளில் மங்கிக் கிடந்த இந்த வழக்கம் அண்மைக் காலமாக மறுபடி துளிர்த்து, டப்ளின் வரை பரவியிருக்கிறது. இப்போது கூடுவது உணவகங்களிலும் மதுக்கடைகளிலும். பெண் எழுத்தாளர்கள், இசைக்கலைஞர்களுக்கான நிகழ்ச்சிகளும் அன்று நடக்கின்றன. அடுப்படியை ஆண்களும் பகிர்ந்துகொள்ளும் காலத்தில் இந்த ஒருநாள் விடுதலைக்கு என்ன தேவை என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் குருவி போன பிறகும் ஊர்வலத்தை விடாத நாட்டில் இந்தக் கேள்வி எடுபடுவதில்லை. தவிரவும், ஜனவரி 7ஆம் தேதி பாத்திரம் கழுவுவது யார் என்று கேட்டால், கேள்வி கேட்டவர்களே பல வீடுகளில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.