எதற்கு என்ற கேள்வி

குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில்தான் பொறியியல் கல்லூரிகளில் இடம் கிடைக்கும் காலமும் வருகிறது. தென்காசியில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளைக்கு அப்போது கல்விக்கடன் விண்ணப்பங்கள் ஈரக் குடைகளோடு வந்து சேரும். செலவுப் பட்டியலில் கட்டணம், விடுதி, புத்தகம். கடைசி வரியில் மடிக்கணினி. மற்றவை கல்லூரி நிர்ணயித்தவை. இது ஒன்றில்தான் குடும்பத்துக்குத் தேர்வு என்பது இருக்கிறது. தேர்வு இருக்கும் இடத்தில் விமர்சனத்துக்கும் வேலை இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழக அரசு ப்ளஸ் டூ மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தர ஆரம்பித்தபோது, வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்னை எழவில்லை. கொடுத்ததை வைத்துக்கொண்டார்கள். கடைக்குப் போகிறவர்கள் நிலை வேறு. ஐ5, ஐ7, 16 ஜிபி, 512 ஜிபி என்று எண்கள் அடுக்கப்படுகின்றன. எண் பெரிதானால் பொருளும் உயர்ந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. கவிதையில் படிமங்களை எண்ணித் தரம் சொல்பவர்களை நமக்குத் தெரியும். இதுவும் அந்த ரகம்தான்.

சென்ற வருஷம் பீடி சுற்றும் அம்மாள் ஒருவர் மகளுடன் வந்தார். பெண்ணுக்குச் சிவில் கிடைத்திருந்தது. கையில் 92,000 ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன். கணினி விளையாட்டுகளுக்கென்றே செய்யப்படும் கனத்த யந்திரம். "இது இல்லேன்னா படிக்க முடியாதாமே, நெசமா சார்?" என்று கேட்டார். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு இது சாதாரணக் கேள்வி அல்ல.

வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவையானால் நியாயமான விலையில் கணினி வாங்கலாம் என்று ஒரு ஷரத்து உண்டு. தேவை, நியாயம் இரண்டையும் யார் தீர்மானிப்பது என்று ஷரத்து சொல்வதில்லை. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். 10 சதவீதத் தனிவட்டி என்று வைத்தாலும் 92,000 ஐந்தாண்டில் 1,38,000 ஆகிவிடும்.

முதல் வருஷம் கணிதம், இயற்பியல், வேதியியல், கொஞ்சம் நிரல் எழுதுதல். இதற்கு 8 ஜிபி நினைவகம் தாங்கும். ஆட்டோகேட் போன்றவை தீவிரமாக வரும்போது 16 இருந்தால் நல்லது. ஆகவே நினைவகத்தைப் பின்னால் கூட்ட முடியுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. மெல்லிய யந்திரங்கள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். சேமிப்புக்கு எஸ்எஸ்டி வேண்டும். பொறியியல் மென்பொருள்கள் சில விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதால் ஆப்பிள் வாங்குமுன் யோசிக்க வேண்டும். முப்பரிமாண வரைவில் இறங்குகிறவருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு பயன்படும், எல்லோருக்கும் அல்ல. பஸ்ஸில் சுமக்கிற எடையா, பழுதானால் திருநெல்வேலியிலாவது பார்ப்பார்களா என்பவையும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வராத விஷயங்கள்.

அந்த அம்மாளிடம், "கணினி இல்லாம சிரமம்தாம்மா. ஆனா இந்தக் கணினி இல்லாம தாராளமாப் படிக்கலாம்" என்றேன். ஏறக்குறையப் பாதி விலையில் வேறு கொட்டேஷன் வந்தது.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954இல் மறைந்த டி.கே.சி., கம்பனில் தமக்கு ஒவ்வாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். அதற்கு அவர் வைத்த அளவுகோல் ரசனை. அது மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் வேண்டாததை வேண்டாம் என்று சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. நம்மிடம் இன்று அளவுகோல்களுக்குக் குறைவில்லை. எதை அளக்கிறோம், எதற்காக என்று கேட்பதுதான் குறைந்துவிட்டது. புத்தகத்தில் அதைக் கேட்காமல் விட்டால் நஷ்டம் இலக்கியத்துக்கு என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துவிடலாம். இங்கே நஷ்டம் யாருக்கு என்பது கடன் பத்திரத்தில் கையெழுத்தாக இருக்கிறது.