நாளைக்கு ஆகட்டும்

1977இல் ஓடத் தொடங்கிய கோரமண்டல் விரைவு வண்டிக்கு 60 நாள் முன்பே, முன்பதிவு திறந்த அன்றே பயணச்சீட்டு வாங்கிவிடுகின்றோம். பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிப்பதை மட்டும் நாளைக்கென ஒத்திப்போடுகின்றோமே, அஃது ஏன்?

சோம்பல் என்பது போதிய விடையன்று. மடியின்மை அதிகாரத்தில் வள்ளுவரே, காலம் நீட்டிக்கும் குணத்தைச் சோம்பலினின்றும் வேறாக வைத்தே எண்ணுகிறார். முருங்கைக்காய்க்காகக் காலையிலேயே லேக் மார்க்கெட் முழுதும் அலையும் நாம் சோம்பேறிகளா என்ன?

பயணச்சீட்டு தவறினால் இழப்பு அன்றே தெரிந்துவிடும். தமிழ்ப்பாடத்தின் இழப்போ, பாட்டியின் கடிதத்தைப் பேரன் படிக்கச் சொல்லி நம்மிடம் நீட்டும் நாளில்தான் புலப்படும். அச்சமும் ஒரு காரணம். தொடங்கினால் குழந்தை திணறும். தொடங்காதவரை, நம் பிள்ளை நொடியில் கற்றுவிடுவான் என்னும் நம்பிக்கைக்குப் பழுதில்லை!

வங்காளியர் சரசுவதி பூசையன்று குழந்தையின் கைபிடித்து முதலெழுத்தை எழுதுவித்து விடுகின்றனர். நமக்கும் விசயதசமி உண்டு. அன்றுதான் கொல்கத்தாத் தெருக்களில் துர்க்கையை ஆற்றுக்கு வழியனுப்பும் ஆரவாரம். ‘இந்தக் கூட்டம் ஓயட்டும்’ என்கின்றோம். கூட்டம் ஓய்ந்த பின்னும் பள்ளிகளுக்குப் பூசை விடுமுறை தொடர்கிறது. பலகையும் வீட்டில்தான் இருக்கிறது.