கழுவாத கோழி

கோழியிறைச்சியை மஞ்சளும் உப்பும் இட்டு மும்முறை கழுவாது அடுப்பில் ஏற்றுவது யாழ்ப்பாணத்து வீடுகளிற் பெருங்குற்றமாகவே கருதப்படும். தேசிப்புளி விட்டுப் பிசைந்து கழுவினாலன்றி வெடுக்கு நீங்காது என்பர். இவ்வழக்கத்தோடு வளர்ந்த தாயொருத்தி, இலண்டனில் வாழும் மகளின் வீட்டுக்குச் சென்றிருந்தாள். கடையில் வாங்கிய கோழியை அவள் குழாய்நீரிற் பிடித்தபோது மகள் ஓடிவந்து தடுத்தாள்.

"அம்மா, கழுவாதேங்கோ!"

"கழுவாமல் சமைச்சால் ஆர் பிள்ளை தின்னுறது?"

தாயின் முகம் வாடிற்று. தன் தூய்மையே ஐயுறப்பட்டதாக அவள் எண்ணினாள்.

மகளின் அச்சம் ஆதாரமற்றதன்று. பிரித்தானியாவில் உணவுத் தரத்துக்குப் பொறுப்பான அரச நிறுவனம் 2014 பெப்ரவரி முதல் ஓராண்டு காலம், கடைகளில் விற்கப்பட்ட கோழிகளைச் சோதித்தது. அவற்றுள் நூற்றுக்கு 73 கோழிகளிற் கம்பைலோபக்டர் எனும் பற்றீரியா காணப்பட்டது. கோழியின் குடலில் அதற்குப் பெரிதும் தீங்கின்றி வாழும் இந்நுண்ணுயிர், இறகு பறிக்கும்போதும் குடல் அகற்றும்போதும் தோலிற் படிகின்றது. மனிதரை வயிற்றோட்டத்திலும் காய்ச்சலிலும் வீழ்த்தச் சில நூறு நுண்ணுயிர்களே போதும்; அரிதாக, நரம்புகளைத் தாக்கும் கில்லன்-பாரே நோய்க்கும் அது வழிவகுக்கும். கழுவும் நீர் அதனைக் கொல்வதில்லை. தெறிக்கும் துளிகளோடு பாத்திரங்களுக்கும் பலகைக்கும் பரப்புகின்றது. அப்பலகையில் அரிந்த வெங்காயம் பச்சையாகச் சம்பலிற் சேருமாயின், கறி நன்கு வெந்திருந்தும் நோய் சம்பல் வழியே வந்து சேரும். அதனை அழிக்க வல்லது வெப்பமே. இறைச்சியின் நடுப்பகுதி 70 பாகை செல்சியசில் இரண்டு நிமிடமாவது இருத்தல் வேண்டும்.

ஆயினும் பழி முழுவதையும் குசினியின் மீது சுமத்துதல் நீதியாகுமா? கழுவாதே என இல்லாளுக்கு உபதேசித்தல் எளிது. பண்ணையிலும் கொல்களத்திலும் சேர்ந்த மாசுக்கு அவள் எவ்வாறு பொறுப்பாவாள்? அந்த ஆய்வின் முடிவுகள் பெருங்கடைகளின் பெயர்களோடு வெளியிடப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில், மிகுதியாக மாசுற்ற கோழிகளின் விகிதம் குறைந்தது. கேள்வி உரிய இடத்தில் எழுப்பப்படுதல் வேண்டும் என்பதை இது உணர்த்துகின்றது.

அன்று அத்தாய் குழாயை மூடினாள். மஞ்சளையும் உப்பையும் தேசிப்புளியையும் சட்டியிலேயே இறைச்சியோடு பிரட்டி அடுப்பில் ஏற்றினாள். பின்னர்ச் சவர்க்காரமிட்டுத் தன் கைகளை மும்முறை கழுவினாள். அவளது கடமை அவ்வளவே. எஞ்சியது வளர்ப்போருக்கும் விற்போருக்கும் உரியது.