நேஷனாலிட்டி வேண்டாம், தீசிஸ் போதும்
கிரெனோபிள், பிரான்ஸ்

அன்புள்ள தம்பிக்கு,

'எங்க வீட்டுல யாருக்கும் பிரெஞ்சு நேஷனாலிட்டி இல்லையேண்ணே, எனக்கு அங்க இடம் கிடைக்குமா?' என்று கேட்டிருந்தாய். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் தீசிஸை முடிக்கப்போகிறவன் கேட்கிற கேள்வியா இது! உன்மேல் குற்றமில்லை. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டவர்களின் வாரிசுகள், பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போய் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள், அந்த வீடுகளில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள்: பிரான்சுக்கு வழி என்றால் புதுச்சேரிக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

இங்கே போஸ்ட்டாக், அதாவது தீசிஸுக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி, பெரும்பாலும் சம்பள வேலை. ஒப்பந்தம் உண்டு, மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் பிடித்தம் உண்டு. எடுத்துக்கொள்ளும் நிறுவனமே 'கொன்வான்சியோன் தக்கேய்' என்ற தாளைத் தரும். அதை வைத்துத்தான் ஆராய்ச்சியாளர் விசா.

உன் துறைக்கு இந்த ஊரே போதும். இங்குள்ள ஐரோப்பிய சின்க்ரோட்ரானில் 844 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன. அவை உமிழும் எக்ஸ் கதிரை வைத்து, ஒரு பேட்டரி சார்ஜ் ஏறும்போதே அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். பக்கத்திலேயே நியூட்ரான் ஆய்வுக்கான லாவே-லாஞ்செவன் நிலையம். கூடத்தில் ஆங்கிலம் போதும்; வீடு பிடிக்கவும் டாக்டரிடம் பேசவும் பிரெஞ்சு வேண்டும். நம் ஊர் சுப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில் இப்போதே சேர்ந்துவிடு.

ஐரோப்பிய ஒன்றியம் தரும் மரி கியூரி ஃபெலோஷிப்புக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவில் இரண்டு ஆண்டுகள் வரை தருவார்கள். கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். அதற்குள் உன் வைவா முடிந்திருக்க வேண்டும். கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் பிரான்சில் இருந்தவர்கள் பிரான்சுக்குக் கேட்க முடியாது. நீ ஊரை விட்டு நகராதவன். உனக்கு அந்தத் தடையில்லை.

அந்த மனுவுக்கு இங்கே ஒரு மேற்பார்வையாளரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்மிக்க ஆய்வகத்தில்' என்று ஒரே மடலை ஊருக்கெல்லாம் அனுப்பாதே. முதல் வரியிலேயே குப்பைக்குப் போகும். ஒருவரின் கட்டுரைகள் இரண்டை ஊன்றிப் படி. அவர் அளந்ததற்கு மேல் நீ எதை அளப்பாய், எந்தக் கருவியில் உனக்குக் கை பழகியிருக்கிறது என்று பத்து வரியில் எழுது.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒப்பந்தம் ஓரிரு ஆண்டுதான். முடிந்ததும் அடுத்ததைத் தேட வேண்டும். நிரந்தர வேலைக்குப் போட்டித் தேர்வு. தேசிய ஆராய்ச்சி மையமான சிஎன்ஆர்எஸ் அதை எந்த நாட்டவருக்கும் திறந்துவைத்திருக்கிறது, ஆனால் போட்டி கடுமை. அதனால் நம் நாட்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் தேசிய போஸ்ட்டாக் ஃபெலோஷிப்புக்கும் சேர்த்தே போடு. அதுவும் இரண்டு ஆண்டுதான்.

செப்டம்பரில் மனு போக வேண்டுமானால் சித்திரைக்குள் ஆள் கிடைத்தாக வேண்டும். முதல் மடலை எழுதி எனக்கு அனுப்பு, திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்