சடுகுடு வெள்ளோட்டம்

லால்குடி என்றதும் இலக்கிய, இசை அன்பர்களுக்கு வயலின்தான் நினைவுக்கு வரும். லால்குடி ஜெயராமன் (1930–2013) இந்த ஊர்ப் பெயரை உலக மேடைகளுக்கெல்லாம் கொண்டு சென்றவர். திருத்தவத்துறை என்ற பழம்பெயர் தேவாரம் பயில்வோர்க்குத் தெரிந்திருக்கும். ஆனால் கொள்ளிடத்திற்கு வடக்கே, வாழைத் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர்களில் அந்தி நேரத்தில் நடந்து செல்கிறவர் கேட்கக்கூடிய ஓசை வேறு. அது ஒரே மூச்சில் அறுபடாமல் செல்லும் 'கபடி கபடி'. இசையரங்கில் முன்வரிசையில் அமர்ந்து இளம் கலைஞரின் சுருதிச் சுத்தத்தை அளந்து பார்க்கும் பழைய ரசிகரைப் போலவே, இந்த மண்திடல்களின் ஓரத்திலும் சில பெரியவர்கள் குந்தியிருந்து இளைஞர்களை அளந்து பார்ப்பார்கள். சென்ற மார்கழியில் (டிசம்பர் 2025) அந்த வரிசையில் எங்கள் மூவருக்கும் இடம் கிடைத்தது.

தை பிறந்தால் ஊருக்கு ஊர் கபடிப் போட்டி. அதற்கு முன்பு தங்களுக்குள்ளேயே இரு அணியாகப் பிரிந்து ஆடிப் பார்ப்பது வழக்கம். புதுப் படகை நீரில் விட்டுப் பார்ப்பதற்கு நம் மொழியில் 'வெள்ளோட்டம்' என்றொரு அழகான சொல் இருக்கிறது. இந்த ஆட்டத்திற்கும் அது பொருந்தும். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் கழகங்களும் மார்ச்சில் பருவம் தொடங்குமுன் பிப்ரவரியில் இப்படித்தான் வெள்ளோட்ட ஆட்டங்கள் நடத்தி, பெயர் தெரியாத இளைஞர்களை இறக்கிப் பார்க்கின்றன. பந்து இருக்கிறது, இல்லை என்பதை விட்டுவிட்டால், ஓடி வருகிறவனை மறித்து வீழ்த்தும் கலையில் இரண்டு ஆட்டமும் பங்காளிகள்தாம்.

எங்களில் ஒருவர் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை முன்னிட்டே எங்களை அழைத்தார்கள். மற்ற இருவரும் குறிப்பேடும் பேனாவுமாக உடன் சென்றோம். வேலை இதுதான்: ஓர் அணியில் பன்னிருவர், களத்தில் எழுவர், வெளியில் ஐவர். பழைய ஆட்டக்காரர்களில் ஏழுபேர் எஞ்சியிருந்தனர். மீதி ஐந்து இடங்களுக்கு வந்து நின்ற பையன்கள் இருபத்து நால்வர்.

கூட்டம் இவ்வளவு பெருகியதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண்கள், பெண்கள் இரு அணிகளும் கபடியில் தங்கம் வென்றன. ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ்; பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்ச ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. வடுவூர் எங்களுக்கு அயலூர் அல்ல. அதே காவிரிப் படுகை. வெறும் வேடிக்கையாக இருந்த ஆட்டம் வாழ்வுக்கு வழியாகலாம் என்று பெற்றோர் கண்ணுக்கும் தெரியத் தொடங்கிவிட்டது. அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்க்கு மூன்று விழுக்காடு இட ஒதுக்கீடு இருப்பதைத் திடலில் நின்ற தகப்பன்மார் அனைவரும் அறிந்திருந்தார்கள். ஆகவே நாங்கள் எழுதப்போகும் ஐந்து பெயர்களுக்கு எங்கள் விருப்பத்திற்கு மீறிய கனம் வந்து சேர்ந்திருந்தது.

மூன்று பெயர்களில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை. அவர்களைப் பற்றி எழுதவும் அதிகமில்லை, நன்றாக ஆடினார்கள். மீதமிருந்த இரண்டு இடங்களே எங்களை இரவு பத்து மணி வரை உட்கார வைத்தன. (பையன்களின் பெயர்களை இங்கே தரவில்லை, பனியன் எண்களே போதும்.)

முதலில் ஏழாம் எண். எதிர்க்களத்திற்குச் செல்வதை எங்கள் பக்கத்தில் 'பாடிப் போவது' என்பார்கள். இளைஞர்களுக்கு அது 'ரெய்டு'. ஏழாம் எண் பிறவி ரெய்டர். நடுக்கோட்டைத் தாண்டும்போதே திடலின் நான்கு பக்கமும் விசில் பறக்கிறது. எங்கள் குறிப்பேட்டின்படி பதினான்கு முறை பாடிப் போனான். ஒன்பது புள்ளிகள் எடுத்தான். இதைப் படிக்கிற எவரும் கேள்வியின்றி அவனைச் சேர்த்துவிடுவர். ஆனால் அந்த ஒன்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து, போனஸ் புள்ளிகள். எதிரில் ஆறு அல்லது ஏழு பேர் நிற்கும்போது மட்டுமே போனஸ் கோடு உயிர் பெறுகிறது. ஒரு கால் கோட்டுக்கு அப்பால் ஊன்ற, மறு கால் காற்றில் இருக்க வேண்டும். அதை அவன் நாட்டியம்போலச் செய்தான். எதிரில் ஆள் குறைந்து நால்வர், மூவர் ஆனதும் போனஸ் கிடையாது. தொட்டுத்தான் ஆக வேண்டும். அத்தகைய நான்கு ரெய்டுகளில் ஒன்றில் வெறுங்கையோடு திரும்பினான், மூன்றில் பிடிபட்டான். அவற்றுள் இரண்டு, எதிரில் மூவரே நின்றபோது. அப்படிப் பிடித்தால் 'சூப்பர் டாக்கிள்' என்று எதிரணிக்கு இரண்டு புள்ளி. ஆக ஒன்பது சம்பாதித்தவன் ஐந்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

இதை மட்டும் சொன்னால் அவனுக்கு அநீதி. பிடிபட்ட மூன்றில் இரண்டு, அவனை மூச்சு வாங்கக்கூட விடாமல் அவன் அணித்தலைவன் அடுத்தடுத்து அனுப்பியபோது நிகழ்ந்தவை. முப்பது விநாடி மூச்சடக்கி ஓடியவன் மறுநிமிடமே மீண்டும் போனால் கால் எப்படிச் சொன்னபடி கேட்கும்? குறையில் பாதியை அணித்தலைவன் கணக்கில் எழுதினோம்.

அடுத்து நான்காம் எண், இடது கார்னர். வாழைத்தார் சுமந்து உரமேறிய தோள். கணுக்காலைப் பிடித்தான் என்றால் யானை கட்டுத்தறியில் நிற்பதுபோல் ரெய்டர் நின்றுவிடுகிறான். அன்று அவன் ஒருவனே ஆறு பேரை வீழ்த்தினான். பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சேரலாதன் மாதிரி வருவான்யா" என்றார். தர்மராஜ் சேரலாதன் தஞ்சை மாவட்டத்துக்காரர். 2016-ல் புரோ கபடியின் நான்காவது பருவத்தில் பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வென்றவர். நாற்பதைக் கடந்த வயதில் அதைச் செய்தார் என்பதே அவர் பெருமை. அந்த வயது வரை அவர் ஆட முடிந்ததற்கு வலிமையைவிடப் பிடிக்கும் முறையே காரணம் என்பது எங்கள் எண்ணம். நான்காம் எண்ணிடம் இல்லாதது அதுதான். பாயும்போது தலையைத் தாழ்த்தி, நேரே ரெய்டரின் முழங்காலுக்கு முன்னால் கொண்டுபோகிறான். தலை பக்கவாட்டில் இருக்க வேண்டும். கண் இலக்கைப் பார்க்க வேண்டும். மோதுவது தோளாக இருக்க வேண்டும். இரண்டு முறை அவன் நெற்றியில் முழங்கால் பட்ட ஓசை எங்களுக்குக் கேட்டது. அவன் எழுந்து சிரித்தான், கூட்டம் கைதட்டியது. ஆசிரிய நண்பர் மட்டும் எழுந்துபோய் ஆட்டத்தை நிறுத்தினார்.

2022 ஜூலையில் பண்ருட்டிக்கு அருகே ஒரு போட்டியில், பாடிப் போன கல்லூரி மாணவர் ஒருவர் கீழே விழுந்து, களத்திலேயே உயிரிழந்தார். அந்தக் காணொளி அன்று எல்லாக் கைப்பேசிகளிலும் சுற்றி வந்தது. அதைப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு, ஒரு பையன் தலைகுப்புறப் பாய்வதை வீரம் என்று எழுதிவைக்க எங்கள் கை எழுவதில்லை.

இனி பதினோராம் எண். இவனைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரையே. வலது கவர் நிலையில் நின்றான். முதல் பாதி முடிந்தபோது எங்களில் இருவரின் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே ஒன்றுமில்லை. ஆசிரிய நண்பரின் தாளில் மட்டும் கோடு கோடாக ஏதோ இருந்தது. "அவன் காலைப் பாருங்கள்" என்றார். பார்த்தோம். கார்னர் ஓரடி முன்னேறினால் இவனும் ஓரடி. கார்னர் பின்வாங்கினால் இவனும். கைகோத்த சங்கிலி ஒரு கணமும் அறுவதில்லை. ரெய்டர் திரும்பி நடுக்கோட்டை நோக்கித் தாவும் வழியில், அழைக்காமலே வந்து நிற்கிறான். அவன் அணி அன்று பதினொரு பேரைப் பிடித்தது. அவற்றில் முதலில் கை வைத்தவனாக அவன் இருந்தது இரண்டில்தான். ஆனால் எட்டில் அவன் உடல் இருந்தது. புள்ளிக்கணக்கில் முதலில் பிடித்தவன் பெயரே ஏறும்; தப்பாமல் தடுத்தவன் பெயருக்கு அதில் இடமில்லை. இரண்டாம் பாதியில் கணுக்காலில் துணி கட்டிக்கொள்ள ஐந்து நிமிடம் அவன் வெளியே வந்தான். அந்த ஐந்து நிமிடத்துக்குள் அவன் அணி முழுவதும் ஆட்டமிழந்து 'லோனா' கொடுத்தது. இதைவிட என்ன சான்று வேண்டும்?

நிற்க. பதினைந்தாம் எண் என்று ஒரு சிறுவன். திடலிலேயே சிறியவன், எடை 52 கிலோ என்றான். ரெய்டர் விரல்நுனி அவன் பனியனில் உரசியதை நடுவர் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. அவனே கையை உயர்த்திவிட்டு வெளியே நடந்தான். அவன் அணியினர் திட்டினார்கள். இதற்கு மதிப்பெண் தர வேண்டும் என்று எங்களில் ஒருவர் வாதிட்டார். ஆசிரிய நண்பர் மறுத்துவிட்டார்: தொடப்பட்டவன் கை தூக்குவது ஆட்டத்தின் ஒழுங்கு, அதற்குப் பரிசு கொடுக்கத் தொடங்கினால் ஒழுங்கு அபூர்வப் பொருளாகிவிடும் என்பது அவர் கட்சி. இருவரும் அரைமணி நேரம் வாதிட்டார்கள். இருவர் சொன்னதும் சரி என்றே மூன்றாமவருக்குப் பட்டது. பையனுக்குப் பதினாறு வயதுக்கு உட்பட்டோர், 55 கிலோவுக்குக் குறைந்தோர் என்ற சப்-ஜூனியர் பிரிவு இருக்கிறது. பெரியவர்களோடு மோதவிட்டு எலும்பை முறிப்பதைவிட அங்கே அனுப்புவதே நல்லது என்பதில் மூவரும் ஒன்றுபட்டோம்.

ஒரு சங்கடத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இந்தப் பையன்கள் மண்ணில் வளர்ந்தவர்கள். மண்ணில் கால் வழுக்கும்; அந்த வழுக்கலையே பயன்படுத்திப் பாதத்தை நீட்டித் தொடுகிறார்கள். பெரிய போட்டிகள் விரிப்பில் நடக்கின்றன. விரிப்பில் காலணி பற்றிக்கொள்ளும். திரும்பும் வேகத்தில் முழங்கால் திருகிக்கொள்ளும். மண்ணில் சிறந்தவன் விரிப்பிலும் சிறப்பான் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆயினும் ஏழாம் எண்ணின் துள்ளலைவிடப் பதினோராம் எண்ணின் இடமறிந்து நிற்கும் புத்தி எந்தத் தரையிலும் செல்லும் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஏழு, பதினொன்று என்று எழுதிக் கொடுத்தோம். நான்காம் எண் பட்டியலில் இல்லை. எதிர்பார்த்தபடியே சலசலப்பு. கமிட்டிப் பெரியவர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஆறு பேரைத் தூக்கிப் போட்டவனை விட்டுட்டு, சும்மா நின்னவனை எழுதியிருக்கீங்க?"

"சும்மா நிக்கலைங்கய்யா. அவன் நின்னதாலதான் மத்தவங்க பிடிச்சாங்க" என்றார் ஆசிரியர்.

"சனம் பிடிக்கிறவனைப் பார்க்கத்தானே வருது?"

"சனம் பார்த்துட்டுப் போயிடும். நாலாம் நம்பர் கழுத்துக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவங்க அம்மாவுக்கு நீங்களும் நானும் என்ன பதில் சொல்றது?"

பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, சித்திரைப் போட்டிக்குள் அவன் தேறிவிடுவானா என்று கேட்டார். தினமும் காலை ஐந்தரைக்கு அனுப்பினால் தேற்றிக் காட்டுவதாக ஆசிரியர் ஒப்புக்கொண்டார். தாள் மடிக்கப்பட்டுச் சட்டைப் பைக்குள் போயிற்று.

நான்காம் எண்ணிடம் செய்தியைச் சொல்லும் பொறுப்பும் எங்களிடமே வந்தது. அவன் முகம் சுருங்கியது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன், பத்தொன்பது வயது. தை மாதப் போட்டிகளில் கல்லூரி, துறை அணிகளைச் சேர்ந்தவர்கள் ஆள் தேடி வந்து உட்காருவார்கள் என்பது அவனுக்கும் தெரியும். ஒரு பருவம் தவறுவது அவன் வயதில் சிறிய இழப்பன்று. ஆசிரியர் அவனை மண்ணில் மண்டியிட வைத்து, தம் காலையே நீட்டி, தலையை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று அங்கேயே இருபது முறை செய்ய வைத்தார். பதினெட்டாவது முறைதான் சரியாக வந்தது.

நாங்கள் கிளம்பும்போது பதினோராம் எண் வாசலில் காத்திருந்தான். அவனும் வாழை மண்டிக்கு வேலைக்குப் போகிறவன் என்று அப்போதுதான் தெரிந்தது. நன்றி சொல்வான் என்று நினைத்தோம். அவன் கேட்டது வேறு: காணும் பொங்கலன்று வெளியூர் ஆட்டம் இரவு எத்தனை மணிக்கு முடியும், கடைசிப் பேருந்து கிடைக்குமா, விடியற்காலை நான்கு மணிக்கு லாரியில் தார் ஏற்ற வேண்டும் என்றான். கமிட்டிப் பெரியவர் தம் மகனின் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவதாகச் சொன்னார். "சரிங்க பெரியப்பா" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டான்.