டிராகன் நாட்டில் சில நாட்கள் – 5: பனிக்கால மின்சாரம்

டோச்சுலா கணவாயின் மூடுபனிக்குள் 108 சோர்ட்டன் ஸ்தூபிகளைச் சுற்றி வந்ததோடு சென்ற இதழில் நிறுத்தியிருந்தேன். 3,100 மீட்டர் உயரத்திலிருந்து கார் இறங்கத் தொடங்கியதும் கால்விரல்களில் உணர்வு மெல்லத் திரும்பியது. பாசி தொங்கும் மரங்கள் போய் பைன் மரங்கள் வந்தன. அவையும் போய், வாங்டூவை நெருங்கும்போது சரிவெல்லாம் சப்பாத்திக்கள்ளி. ஜனவரி மாதத்துப் பூடானில் கள்ளியும் வெயிலும்! ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

வாங்டூ பாலத்தருகே காரை நிறுத்தச் சொன்னேன். புனாட்சாங்சூவைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்ததே. 'சூ' என்றால் ஆறு. போ சூ, மோ சூ என்று ஓர் ஆண் ஆறும் பெண் ஆறும் மேலே புனாகாவில் கூடிப் பிறப்பது இது. சமவெளிக்கு இறங்கியதும் சங்கோஷ் என்ற பெயரில் போய் பிரம்மபுத்திராவில் சேரும். பெரும் இரைச்சலை எதிர்பார்த்து வந்தவன், பச்சைக் கண்ணாடி போலத் தெளிந்து ஒரு கரையோரமாக ஒதுங்கி ஓடும் நீரைப் பார்த்துத் திகைத்தேன். அகன்ற படுகையில் முக்கால்வாசி கூழாங்கல். ஓட்டுநர் எதிர்க்கரைப் பாறையைக் காட்டினார். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு கறை தெரிந்தது.

"ஜூலையில் தண்ணீர் அங்கே நிற்கும் லா" என்றார். மரியாதைக்காக எந்தச் சொல்லோடும் ஒரு 'லா' சேர்ப்பது இவர்கள் வழக்கம். இரண்டு நாள் கேட்டதில் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

பூடானின் மின்சாரக் கதை முழுவதும் அந்தக் கறைக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவில்தான் இருக்கிறது. இங்குள்ள பெரிய மின்நிலையங்களுக்கு ஏரி போன்ற நீர்த்தேக்கம் கிடையாது. ஆற்றை மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள் நீரைத் திருப்பி, உயரத்திலிருந்து விழவைத்து டர்பைனைச் சுழற்றுகிறார்கள். பிறகு அதை ஆற்றிலேயே விட்டுவிடுகிறார்கள். தாலா நிலையத்தில் சுரங்கம் மட்டும் 23 கி.மீ. இந்த முறையில் பள்ளத்தாக்குகள் பெரிதாக மூழ்குவதில்லை. நாட்டின் 60 விழுக்காடு நிலம் எக்காலத்திலும் காடாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தவர்களுக்கு ஏற்ற முறை. ஆனால் மழைக்காலத்து நீரைப் பனிக்காலத்துக்குச் சேர்த்துவைக்க வழியில்லை. மழை ஓய்ந்து, மேலே பனி உறைந்து நிற்கும் மாதங்களில் உற்பத்தி சுமார் ஐந்தில் ஒரு பங்காகச் சரிகிறது. எட்டு லட்சத்துக்கும் குறைவான இந்த மக்கள் ஹீட்டரைப் போடுவதும் அதே மாதங்களில்தான். மழைக்காலம் முழுக்க இந்தியாவுக்கு மின்சாரம் விற்கிற நாடு, 2022 முதல் பனிக்காலத்தில் இந்திய மின்சந்தையில் வாங்கவும் வேண்டியிருக்கிறது.

விற்ற கதை சூக்காவில் தொடங்குகிறது. முதல் நாள் ஃபுன்ட்ஷோலிங்கிலிருந்து ஏறிவரும்போது வழியில் பார்த்தோமே, அதே சூக்கா. 336 மெகாவாட். 1980களில் இந்தியா 60 விழுக்காட்டை மானியமாகவும் 40 விழுக்காட்டைக் கடனாகவும் தந்து கட்டியது. இங்கே பள்ளியும் மருத்துவமும் இலவசமாகக் கிடைப்பதற்கு அந்த வருமானம் பெரிதும் கைகொடுத்தது. பிறகு 1,020 மெகாவாட்டில் தாலா, 2019இல் 720 மெகாவாட்டில் மாங்தேச்சூ. இமயத்தின் இந்தச் சிறு துண்டிலிருந்து 30,000 மெகாவாட்டுக்கு மேல் எடுக்கலாம் என்ற கணக்கும், 2020க்குள் 10,000 மெகாவாட் என்ற இலக்கும் அந்த நம்பிக்கையில் பிறந்தவைதான். இலக்கு எட்டப்படவில்லை.

ஏன் எட்டவில்லை என்பதற்கு விடை பாலத்திலிருந்து ஆற்றோடு 7 கி.மீ. கீழே இருக்கிறது. 1,200 மெகாவாட்டுக்கான புனாட்சாங்சூ முதல் திட்டம். வேலை தொடங்கியது 2008இல். 2013 ஜூலையில் அணை எழும்ப வேண்டிய இடத்தில் வலது கரை மலை சரிந்து நகர ஆரம்பித்தது. சரிவு முழுவதும் சிமெண்டு பூசி, உள்ளே இரும்பு இறக்கி, மலையை மலையோடு தைத்துவைத்திருக்கிறார்கள். சுமார் 3,500 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு 9,000 கோடியைத் தாண்டிவிட்டது. பல ஆண்டுகள் தடைபட்டுக் கிடந்த அணை வேலையை மீண்டும் தொடங்க இப்போது இரு அரசுகளும் ஒப்புக்கொண்டிருக்கின்றன. சூக்காவின் கணக்கு இங்கே தலைகீழ்: மானியம் 40, கடன் 60, வட்டி 10 விழுக்காடு. சற்றுக் கீழே 1,020 மெகாவாட்டில் இரண்டாவது திட்டம் 2025இல் முழுதாக ஓடத் தொடங்கிவிட்டது என்பது ஆறுதல்.

அந்தச் சரிவைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சின்னஞ்சிறு நாடு ஒன்று இவ்வளவு பெரிய கடனை ஒரே மலையின் நிதானத்தை நம்பி வைத்திருப்பது எனக்கு அச்சமாகவே இருந்தது. உலகில் அறுபதுகூட மிஞ்சாத வெண்வயிற்று நாரை இரைதேடும் ஆறுகளில் இதுவும் ஒன்று. அச்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 1994 அக்டோபர் 7 அன்று மேலே லுக்யே என்ற பனியாற்று ஏரி உடைந்தது. வெள்ளம் போ சூ வழியே வந்து புனாகா கோட்டையைச் சிதைத்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பக்கத்திலுள்ள தோர்தோர்மி ஏரியும் அப்படி உடைந்துவிடக் கூடாதென்று 2009 முதல் நான்கு ஆண்டுகள் தொழிலாளர்கள் நடந்தே ஏறிப்போனார்கள். உறைநீரில் நின்று, கையாலேயே வாய்க்கால் வெட்டி, ஏரியின் மட்டத்தை 5 மீட்டர் அளவுக்கு இறக்கினார்கள். இயந்திரங்களைக் கொண்டுபோக வழியில்லாத உயரம் அது. இந்த ஆற்றில் கட்டப்படும் ஒவ்வொரு அணையும் அந்தக் கைகளுக்குக் கடன்பட்டிருக்கிறது.

மதியம் ருபேசா கிராமத்துக்கு ஏறினோம். வாங்டூவின் காற்று பூடான் முழுவதும் பெயர்பெற்றது. காலையில் கீழிருந்து பார்த்தபோது அசையாமல் நின்ற இரண்டு வெள்ளைக் காற்றாலைகள் இப்போது விசையோடு சுற்றிக்கொண்டிருந்தன. வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, காற்று பள்ளத்தாக்கின் வாயிலிருந்து மேல்நோக்கி இழுபடுகிறது. தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது. ஒவ்வொன்றும் 300 கிலோவாட்; 2016இல் நிறுத்தியவை. அவற்றுக்குப் பக்கத்தில் 2021இல் 180 கிலோவாட்டுக்குச் சூரியத் தகடுகள். எல்லாம் சேர்த்தாலும் ஒரு மெகாவாட் தேறாது. கீழேயிருக்கும் 1,200க்கு முன்னால் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கலாம்.

ஆனாலும் பூடானில் நான் கண்ட மின்நிலையங்களில் என் மனத்தை மிகவும் நிறைத்தது இந்த மேடுதான். இங்கே நின்று குனிந்தால் மெலிந்துபோன ஆறு தெரிகிறது, நிமிர்ந்தால் துளி மேகமில்லாத வானம். மழைக்காலத்தில் மேகம் கவிந்து தகடுகள் சோர்ந்திருக்கும்போது ஆறு பெருகியோடும். ஆறு வற்றும் மாதங்களில் வானம் தெளிந்துவிடும், காற்றும் வீசும். குளிரில் சூரியத் தகடு இன்னும் நன்றாகவே வேலை செய்யும். பகலில் சூரியன் பார்த்துக்கொண்டால், அணையின் பின்னால் தேங்கும் கொஞ்ச நீரை மாலை விளக்கு நேரத்துக்கு மிச்சம் பிடிக்கலாம். நீரை மட்டுமே நம்பி இத்தனை ஆண்டுகள் போய்விட்டன. நாட்டின் முதல் பெரிய சூரிய மின்நிலையம் கிழக்கே சேஃபுவில் 17.38 மெகாவாட்டில் இப்போதுதான் வந்திருக்கிறது. இதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

போப்ஜிகா பள்ளத்தாக்கில் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. மறுபடியும் 2,900 மீட்டர், மறுபடியும் ஸ்வெட்டர். உருளைக்கிழங்கு அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. நடுவே பழுப்பு நிறச் சதுப்பு. அதில் சாம்பல் புள்ளிகளாகக் கருங்கழுத்துக் கொக்குகள். திபெத்திலிருந்து பனிக்காலத்துக்கு வருபவை. 'த்ருங் த்ருங் கர்மோ' என்று மக்கள் அழைக்கிறார்கள். எதையோ காணோமே என்று பார்த்தேன், மின்கம்பங்கள்! வீடுகளில் விளக்கு எரிகிறது, வானத்தில் ஒரு கம்பிகூட இல்லை. தாழப் பறக்கும் கொக்குகள் மோதிவிடக் கூடாதென்று பள்ளத்தாக்கு நெடுகிலும் கேபிளை மண்ணுக்கடியில் புதைத்துவிட்டார்கள். செலவு அதிகம்தான். அதற்கும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கியது ஒரு பாட்டியின் வீட்டில். கூடத்தின் நடுவே புகாரி என்னும் இரும்பு அடுப்பில் விறகு எரிந்தது. மூலையில் மின்சார ரைஸ் குக்கர் சிவப்பரிசியை வேகவைத்தது. பாலாடைக்கட்டியில் மிளகாயைக் காய்கறியாகவே போட்டுச் சமைத்த எமா தாட்ஷி கண்ணில் நீர் வரவழைத்தது. மின்கம்பி வருவதற்கு முன், கூரையில் ஒரு சின்னச் சூரியத் தகடும் ஒற்றை விளக்கும்தான் என்றார் பாட்டி. கம்பி வந்த பிறகு சமையலுக்கு விறகு பொறுக்கும் வேலை குறைந்தது. "முழங்கால் பிழைத்தது" என்று தட்டிக்காட்டினார்.

ஓட்டுநர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். நான் எதற்காக ஊர் ஊராக அணை பார்த்துக்கொண்டு திரிகிறேன் என்று பாட்டி கேட்டார். சொன்னேன். பிறகு தலைக்குமேல் எரிந்த பல்பைக் காட்டி, "இதற்கு இப்போது எங்கிருந்து வருகிறது?" என்றார்.

"இந்த மாதத்தில் கொஞ்சம் எங்கள் நாட்டிலிருந்தும் வரும் பாட்டி."

"உங்கள் ஆறுகள் பனிக்காலத்தில் வற்றாதா?"

எங்களிடம் பெரும்பகுதி நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் எடுக்கிறோம் என்றேன். ஓட்டுநர் சற்றுத் தயங்கிவிட்டே அதை மொழிபெயர்த்தார். பாட்டி பல்பையும் என்னையும் பார்த்தார். எதுவும் சொல்லாமல் புகாரியின் கதவைத் திறந்து இன்னொரு கட்டையை உள்ளே தள்ளினார்.

விடியலில் கொக்குகளின் குரல் எழுப்பியது. ஆழமில்லாத நீரில் நின்றபடியே இரவைக் கழித்தவை, உறைபனி வெளுத்த சதுப்பிலிருந்து இரண்டும் மூன்றுமாகக் கிளம்பி, தடையில்லாத வானத்தில் வீட்டுக்கூரையை ஒட்டிப் பறந்து வயலுக்குப் போயின. ஓட்டுநர் கெட்டில் வெந்நீரைக் கண்ணாடியில் ஊற்றிப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தார். பெலெ லா கணவாய் தாண்டி இன்று சேஃபு வழியாகத்தான் போகிறோம்.

(பயணம் தொடரும்)